மூன்று கைத் தண்ணீர்

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு லீவுச் செடியின் கடைசிச் சிவப்பு இலையும் விழுந்தது.

பல் துலக்கிக்கொண்டே முன்னறைக்கு வந்த லிஃப்ட்காரர் அதைக் கண்ணால் பார்த்தார். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு முன்புகூட அந்த ஒரு இலை இருந்தது. ஓரம் சுருண்டு, நிறம் மங்கி, எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று சாயங்காலம் வரைக்குமாவது தாக்குப்பிடிக்கும் என்று நம்பியிருந்தார். இப்போது ஜன்னல் விளிம்பில் மிஞ்சியிருப்பது தங்க நிறத் தாள் சுற்றிய ஒரு தொட்டியும் அதில் ஐந்து குச்சிகளும்தான்.

சாயங்காலம் ஆறு மணி வண்டியில் அவருடைய மனைவி வருகிறாள்.

இந்த வீட்டை வாராவாரம் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு இதன் கனம் தெரியும். இன்றுதான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவருடைய மனைவி ஒரு பெரிய அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். தெருவில் அவளுக்கு டெலிபோன் அம்மா என்றே பெயர். வருஷக் கடைசியில் பத்து நாள் லீவு விடுவதற்கு முதல் நாள் அந்த அலுவலகம் ஆளுக்கொரு செடி கொடுக்கும். பாயின்செட்டியா என்று அதற்குப் பெயர். இந்த வீட்டில் யார் வாயிலும் அது நுழையாததால் லீவுச் செடி ஆகிவிட்டது. போன டிசம்பரில் டெலிபோன் அம்மா ஓய்வு பெற்றாள். கடைசிச் செடியோடு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பிரிவு உபசார விழாவுக்கு லிஃப்ட்காரர் போகவில்லை.

அன்றைக்கு மகன் அவரைப் பார்த்து, நீங்களெல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. டெலிபோன் அம்மாவோ எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. ஜனவரி இரண்டாம் வாரம் சின்ன மகளின் பிரசவத்துக்கென்று கிளம்பினாள். ஒரு மாதம் என்று போனவள் இரண்டரை மாதம் கழித்து இன்றுதான் திரும்புகிறாள்.

கிளம்புகிற அன்று சமையலறையில் அவரைத் தனியாக நிறுத்தி, அந்தச் செடியை மட்டும் காப்பாற்றி வைக்கும்படி சொன்னாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். விழாவுக்குப் போகாத குற்றத்தை இந்தச் செடியை வைத்துத்தான் கழுவ வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். அவள் கதவைத் திறந்ததும் செடி சிவப்பாக நிற்க வேண்டும். அதைப் பார்த்து அவள் முகம் மாற வேண்டும். இரண்டரை மாதமாக அவர் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

இப்போது ஐந்து குச்சி.

மருமகள் எழுந்து வந்தாள். பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். மாமியார் வருகிறாள் என்று அவரைப் போலவே இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தவள் அப்படியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். செடி போனால் தனக்கல்லவா இடி, இவள் ஏன் இப்படி வெளுத்துப் போகிறாள் என்று லிஃப்ட்காரருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தரையில் கிடந்த இலையையே பார்த்தார்கள். பிறகு மருமகள், கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு செடிக்கடை இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாம் என்றாள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து தொட்டியைத் தூக்கினார். தூக்கும்போதே கனமாக இருந்தது. அப்போது அது அவருக்கு உறைக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தொட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஏறுகிறவர்கள் எல்லாரும் தங்கத் தாளுக்குள் இருந்த குச்சிகளை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தார்கள். மருமகள் கம்பியைப் பிடித்து நின்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் செடி வந்த வருஷம் வீட்டில் மேஜை கிடையாது. அன்று நல்ல மழை. டெலிபோன் அம்மா செடியை மழைக்கோட்டுக்குள் மூடிக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். செடியின் மேல் ஒரு சொட்டு இல்லை. இருந்த ஒரே தகரப் பெட்டியின் மேல் அதை வைத்துவிட்டு, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவ்வளவு சிவப்பான பொருள் அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

ஐந்தாவதோ ஆறாவதோ செடி வந்தபோது மகனுக்கு மூன்று வயது. ஒரு இலையைப் பிய்த்து, கையில் வந்த வெள்ளைப் பாலோடு கண்ணைக் கசக்கிவிட்டான். கண் வீங்கி, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறான். அவன் பிழைப்பு என்னவென்று அன்றே தெரிந்துவிட்டது என்று டெலிபோன் அம்மா கேலி செய்வாள். ஃப்ரிட்ஜ் வாங்கிய வருஷம் செடியைப் பெருமையாக அதன் தலையில் வைத்தார்கள். மோட்டார் சூட்டில் இருபது நாளில் கருகிவிட்டது.

எந்தச் செடியும் மார்ச்சைத் தாண்டியதில்லை. அதற்காக யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. போனால் போகிறது, டிசம்பரில் அடுத்தது வரும். காலித் தொட்டி பின்பக்கம் போகும். அப்படியே இருபத்தேழு தொட்டி சேர்ந்துவிட்டது.

இந்த முறை டிசம்பரில் எதுவும் வராது. மடியிலிருந்த தொட்டியை அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் வேலைக்குப் போன காலம் முழுவதும், வருஷா வருஷம் அது தானாக வந்து கதவைத் தட்டும் என்று நினைத்து இருந்துவிட்டோமே என்று உறுத்தியது.

செடிக்கடை என்பது பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. கடைக்காரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. தொட்டியை வாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்தாள். தங்கத் தாளின் விளிம்பு வழியாகத் தண்ணீர் கொட்டி அவள் பூட்ஸை நனைத்தது. கூடவே கெட்ட நாற்றமும் வந்தது.

"செடி கொண்டு வந்தீங்களா, குளம் கொண்டு வந்தீங்களா?" என்றாள்.

பூட்ஸை உதறிவிட்டுத் தொட்டியை நிமிர்த்தினாள்.

"யாரு தண்ணி ஊத்துறது?"

"நான்தான்," என்றார் லிஃப்ட்காரர்.

"நான்தான்," என்றாள் மருமகள்.

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

விசாரணை அங்கேயே நடந்தது. அவர் தினமும் காலை ஐந்து மணிக்கு, யாரும் எழுந்திருப்பதற்கு முன், ஒரு டம்ளர் அளந்து ஊற்றிவிடுவார். அவள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வரும்போது அரை பாட்டில். இருவரும் மற்றவருக்குத் தெரியாமல்தான் செய்தார்கள். இலை வாடினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவர் ஒன்றரை டம்ளராக்கினார், அவள் முக்கால் பாட்டிலாக்கினாள். அது மேலும் வாடியது.

கடைக்காரம்மா தங்கத் தாளைக் கிழித்து எறிந்தாள். கடையில் விற்கும்போது அழகுக்குச் சுற்றுவது இது, வீட்டுக்குப் போனதும் முதலில் இதைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டாள். பிறகு மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ரெண்டு பேர் ஊத்தினா இவ்வளவு அழுகாது. இன்னொரு கை இருக்கு. வீட்ல வேற யாரு?"

பதில் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் சொன்னதையெல்லாம் லிஃப்ட்காரர் சட்டைப் பையிலிருந்த ஒரு பழைய லிஃப்ட் சோதனை அட்டையின் பின்னால் பென்சிலால் எழுதிக்கொண்டார். அழுகிய வேரைக் கழுவி வெட்டிவிட வேண்டும். அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டிக்கு மாற்ற வேண்டும். மண்ணோடு மணல் கலக்க வேண்டும். இனிமேல் மேல்மண் விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தால்தான் தண்ணீர். வெளிச்சம் வேண்டும், ஆனால் குளிர்ந்த கண்ணாடியில் படக் கூடாது. குச்சிகளை ஆறு விரல் உயரம் விட்டு வெட்ட வேண்டும். வெட்டும்போது வரும் பால் கையில் பட்டால் அரிக்கும், கண்ணில் படவே கூடாது. அந்தக் கடைசி விஷயம் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றார் அவர்.

"வெட்டறதுக்கு முன்னாடி நகத்தால கீறிப் பாருங்க. உள்ள பச்சை தெரிஞ்சா உசிரு இருக்கு. பழுப்பா இருந்தா அந்தக் குச்சி போச்சு."

சாயங்காலத்துக்குள் கொஞ்சமாவது சிவந்துவிடுமா என்று அவர் கேட்டார். அவள் சிரிக்கவில்லை. அது பூவே இல்லை, இலைதான் சிவக்கிறது, நடுவில் மஞ்சளாகக் கடுகுபோல் இருப்பதுதான் பூ என்று விளக்கினாள். பிழைத்தால் இரண்டு மாதத்தில் பச்சையாகத் துளிர்க்கும். வருஷக் கடைசியில் மறுபடி சிவக்க வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர் இரண்டு மாதமும் தினமும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து காலை ஏழு மணி வரை பெட்டி போட்டு மூடி இருட்டில் வைக்க வேண்டும். தெருவிளக்கு வெளிச்சம்கூட ஆகாது. அதற்கு வீட்டில் ஒரு ஆள் மறக்காமல் இருக்க வேண்டும்.

இருபத்தெட்டுச் செடி வந்த வீட்டில் இது ஒன்றுகூட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் லிஃப்ட்காரர் மெதுவாக ஆரம்பித்தார். மதியம் மகன் சாப்பிட வரும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றினானா என்று அவள் ஒரு வார்த்தை கேட்டுச் சொன்னால் போதும் என்றார்.

இரண்டரை மாதமாக மருமகள்தான் அந்த வீட்டுக்குத் தபால்காரி. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, உப்பை நகர்த்தச் சொல் என்பார் ஒருவர், அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்பான் இன்னொருவன்.

"உப்பு, கரண்ட் பில், குளியலறைக் குழாய், எல்லாத்தையும் நான் சொல்லியாச்சு மாமா," என்றாள். "இதை நீங்களே கேளுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

மகன் ஒரு மணிக்கு வந்தான். கடை இரண்டு தெரு தள்ளித்தான். கையைக் கழுவி, தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மேஜையின் மறுபக்கத்தில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தட்டு இல்லை, தங்கத் தாள் இல்லாத தொட்டி இருந்தது. மருமகள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

நாற்பது வருஷம் எட்டு மாடி, பத்து மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்த்த மனிதர் அவர். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு மூன்று முறை எச்சில் விழுங்கினார்.

"நீ செடிக்குத் தண்ணி ஊத்துவியா?"

மகன் வாய்க்குக் கொண்டு போன கையை இறக்கினான். யாரிடம் கேட்கிறார் என்று மனைவியைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

"வேலை முடிஞ்சு வந்ததும் ஊத்துவேன்," என்றான் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே. "தினமும். அம்மா என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாங்க."

"என்கிட்டயும் சொன்னா," என்றார் அவர்.

"என்கிட்டயும்," என்றாள் மருமகள், கையில் பாத்திரத்தோடு.

அவள் சொன்னதை மூன்று பேரும் சொல்லிப் பார்த்தார்கள். அவரிடம், பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாளாம். மகனிடம், உன் அப்பா மறந்துவிடுவார், உன் பெண்டாட்டிக்கு வேலை அதிகம், உன்னை நம்பித்தான் போகிறேன் என்றாளாம். மருமகளிடம், ஆம்பளைகளை நம்ப முடியாது என்றாளாம். இருபத்தெட்டு வருஷம் ஒவ்வொரு லைனாக எடுத்துத் தனித்தனியாகப் பேசிப் பழகியவள். மூன்று பேரையும் ஒரே லைனில் இழுத்துச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த மூன்று பேர் அன்று ஒரே அறையில் நின்றிருக்க மாட்டார்கள்.

"அப்போ செடியைக் கொன்னது அம்மாதான்," என்றான் மகன்.

மருமகள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவனும் சிரித்தான். லிஃப்ட்காரர் சிரிப்பதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். ஒன்றேகால்.

பின்பக்கம் அடுக்கியிருந்த பழைய தொட்டிகளில் மண்தொட்டி இருக்கிறதா என்று தேடினார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் டெலிபோன் அம்மாவின் கையெழுத்து இருந்தது. அந்தந்த வருஷம் செடியைக் கையில் கொடுத்த மேனேஜருக்கு அவள் வைத்திருந்த பட்டப்பெயர். 'ஐந்து நிமிஷம்' மூன்று தொட்டியில் இருந்தார். 'இருமல்' ஒரே வருஷம். 'நல்லவர்' என்று ஒரு மண்தொட்டியில் மட்டும் எழுதியிருந்தது. அது யார் என்று மூவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவள் போய் வந்த இடத்தைப் பற்றித் தனக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று லிஃப்ட்காரருக்கு வெட்கமாக இருந்தது. மகனும் அந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தான். அதையே எடுத்துக்கொண்டார்கள்.

சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்தார்கள். மகன் கடைக்கு ஃபோன் போட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது, வர நேரமாகும் என்று சொன்னான். மூக்குக் கண்ணாடிக் கடையில் அதற்கு மறுபேச்சு இருக்காது.

வேரைக் குழாயடியில் கழுவியபோது பாதி கையோடு வந்துவிட்டது. மீதி வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மருமகளுக்கு மூச்சு வந்தது. அழுகியதை வெட்டி, மண்ணும் மணலும் கலந்து, தொட்டியில் நட்டார்கள். இனி குச்சிகள்.

மகன் பையிலிருந்து லென்ஸைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டான். தரையில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து முதல் குச்சியை நகத்தால் கீறினான்.

"பழுப்பு," என்றான்.

இரண்டாவதும் பழுப்பு. மூன்றாவதில் ரொம்ப நேரம் பார்த்தான். அதுவும் பழுப்பு. லிஃப்ட்காரர் எழுந்து ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். இந்த நாற்பது வருஷத்தில் எத்தனையோ கயிறு, எத்தனையோ பிரேக், எதைச் சோதிக்கும்போதும் அவருக்கு இப்படிக் கை வேர்த்ததில்லை.

"பச்சை," என்றான் மகன். கொஞ்சம் பொறுத்து, "இதுவும் பச்சை," என்றான்.

ஐந்தில் இரண்டு. லிஃப்ட்காரர் கத்தரியை எடுத்தார். ஒருவர் குச்சியை அசையாமல் பிடிக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். மகன் கையுறை மாட்டிக்கொண்டு பிடித்தான். அவர் ஆறு விரலை வைத்து அளந்தார். அவருடைய ஆறு விரல் மற்றவர்களுக்கு எட்டு விரல் என்று மருமகள் சொன்னாள். மறுபடி அளந்தார்.

வெட்டுவதற்கு முன் மகன் கேட்டான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அன்னைக்கு ஏன்ப்பா வரல?"

கத்தரி அப்படியே நின்றது. அன்றைக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆனால் பத்து நிமிஷத்தில் அவர்களை வெளியே எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு மாலை ஆறு மணி வரை அவர் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில், துடைத்த சக்கரத்தையே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"மேடைக்குக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை பேசச் சொல்வாங்கன்னு உங்கம்மா சொன்னா," என்றார். "எனக்குப் பேச வராது. அவளைப் பத்திப் பேசணும்னா சுத்தமா வராது. அங்க நின்னு அழுதுடுவேன்னு பயம்."

மகன் லென்ஸ் மாட்டிய கண்ணைத் துடைத்துக்கொள்ள முடியாமல் கையுறையோடு தவித்தான். மருமகள் இனி தேவைப்படாத தன் முந்நூறாவது தபாலை மனதுக்குள்ளேயே கிழித்துப் போட்டாள்.

"வெட்டுங்கப்பா," என்றான் அவன். "பிடிச்சிருக்கேன்."

ஆறு மணி வண்டி அரை மணி தாமதமாக வந்தது. வீட்டைக் கூட்டி, முகம் கழுவி, மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முடிவு தெரியக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம் அவர்களுக்கு. தொட்டி ஜன்னலைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு முக்காலியின் மேல் இருந்தது. அதில் ஆறு விரல் உயரத்துக்கு இரண்டு கட்டைகள். வெட்டிய நுனியில் பால் உறைந்து காய்ந்திருந்தது.

டெலிபோன் அம்மா உள்ளே வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மருமகள் போய்ப் பையை வாங்கக் கை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. அப்போதுதான் மருமகள் கவனித்தாள். போகும்போது இரண்டு பெரிய பெட்டி. வரும்போது தோளில் மாட்டும் ஒரு பை மட்டும்.

அவள் உட்காரவில்லை. பார்வை நேராக முக்காலிக்குப் போயிற்று. அருகே போய்க் குனிந்து பார்த்தாள். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று மதியத்திலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மகன்தான் வேர் அழுகியதையும் வெட்டியதையும் சொன்னான். உயிர் இருக்கிறது, கீறிப் பார்த்தோம், இரண்டு மாதத்தில் துளிர்த்துவிடும் என்றான்.

அவள் அந்தக் கட்டையை ஒரு விரலால் தொட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பேத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு, காப்பி வேண்டுமா என்று கேட்கிற சாதாரணக் குரலில், தான் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

சின்னவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஃபோன் எடுக்க ஆள் வேண்டுமாம். வாரத்துக்கு நாலு நாள். அவளைக் கேட்டார்களாம், சரி என்று சொல்லிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"இந்தச் செடியை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்," என்றாள்.

லிஃப்ட்காரர் முக்காலியைப் பார்த்தார். அவள் வந்து பார்ப்பதற்காக அதைக் காப்பாற்ற நினைத்தார். அவள் எடுத்துக்கொண்டு போவதற்காக அதைக் காப்பாற்றியிருக்கிறார்.

"எடுக்க முடியாது," என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மண்ணு மாத்தியிருக்கு. இப்போ அதை அசைக்கவே கூடாது. பஸ்ல, வண்டில எல்லாம் தூக்கிட்டுப் போனா செத்துடும். செடிக்கடையில சொன்னாங்க."

கடைக்காரம்மா எவ்வளவோ சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. மருமகள் பக்கத்திலேயே நின்று கேட்டவள், அவளுக்கு அது நன்றாகத் தெரியும். மகன் கடைக்கே போகவில்லை.

"ஆமாம்மா," என்றான் மகன். "அசைக்கவே கூடாதாம். ரொம்பக் கண்டிப்பா சொன்னாங்களாம்."

டெலிபோன் அம்மா கணவனைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு மருமகளிடம் திரும்பி, கடைக்குப் போனது நீயா என்று கேட்டாள். அவள் ஆமாம் என்றாள்.

"எத்தனை நாள் அசைக்கக் கூடாதுன்னாங்க?"

மருமகள் இரண்டு ஆண்களையும் பார்த்தாள். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இலை சிவக்கிற வரைக்கும், அத்தை," என்றாள். "டிசம்பர் ஆயிடும்."

ஆயிரக்கணக்கான குரல்களைக் காதில் வாங்கியவள் டெலிபோன் அம்மா. பொய் எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மூன்று பேரையும் வரிசையாக ஒரு முறை பார்த்தாள். முக்காலிக்கு அருகே இருந்த நாற்காலியை இழுத்து, வந்ததிலிருந்து முதல் முறையாக உட்கார்ந்தாள்.

"மூணு பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்றீங்க," என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. "எப்போலேருந்து பேசிக்க ஆரம்பிச்சீங்க?"

பேச வராத அந்த மனிதர்தான் பதில் சொன்னார்.

"இன்னைக்கு மத்தியானத்துலேருந்து."

அவள் மறுபடி அந்த இரண்டு கட்டைகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் இருந்த பை அவள் மடியிலேயே, இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது.